லாயத்தில் கூப்பிட ஒரு பெயர்

டெலித்தின் லாயத்தில் இப்போது குதிரை இல்லை. ஆனாலும் பலகையை உதைக்கும் சத்தம் அவளுக்குக் கேட்கிறது, பட்டப்பகலில், தேநீர் ஊற்றும்போதுகூட.

ஹோலிஹெட் துறைமுகத்திலிருந்து கப்பலேற்றி அயர்லாந்துக்குக் குதிரை கொண்டுபோவது அவளுக்கு இருபது வருடத் தொழில். அப்போதெல்லாம் குதிரையின் பாஸ்போர்ட், அதாவது அதன் அடையாளப் புத்தகம், ஒன்று போதும். அதையும் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. அவளுடைய நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகுதான் ரத்தப் பரிசோதனை, கால்நடை மருத்துவர் சான்றிதழ், அக்கரையில் சோதனைச் சாவடி எல்லாம்.

அந்த முதல் வசந்தத்திலேயே அவளுடைய சொந்தக் கறுப்புப் பெண்குதிரையை அயர்லாந்தில் வெக்ஸ்போர்டில் இருக்கும் மகளிடம் சேர்க்க வேண்டி வந்தது. வாடகைக்கு மேய்த்த நிலம் கைமாறிவிட்டது. அவளோடு பள்ளியில் படித்த கால்நடை மருத்துவன் எம்லின், சமையலறை மேசையில் உட்கார்ந்து சான்றிதழை நிரப்பினான்.

"பேரு?"

"புட்டிங்," என்றாள் டெலித், பாத்திரம் கழுவிக்கொண்டே.

"தின்னு தின்னு அப்படியேதான் ஆயிட்டா," என்று சிரித்தபடி எழுதினான்.

அங்கே எல்லாக் குதிரைக்கும் இரண்டு பெயர். பாஸ்போர்ட்டில் எழுத நீளமாக ஒன்று, லாயத்தில் கூப்பிட ஒன்று.

அக்கரையில் அதிகாரி பாஸ்போர்ட்டையும் சான்றிதழையும் ஒட்டி வைத்துப் பார்த்தார். "காகிதப்படி இது வேற குதிரைம்மா."

"கழுத்துல இருக்கற சிப் நம்பர் ஒண்ணுதானே சார்?"

"நம்பர் சரிதான். பேரு ஒத்துப்போகலையே. நான் விட முடியாது."

திரும்பும்போது கடல் கொந்தளித்தது. புட்டிங்குக்கு வயிற்றுவலி கண்டுவிட்டது. ஏற்றியிருந்த வண்டியின் பலகையை உதைத்துக்கொண்டே இருந்தாள். கரை தெரியும் நேரத்தில் உதை நின்றது.

அதன்பின் எம்லின் எந்தச் சான்றிதழிலும் கையெழுத்துப் போடவில்லை. "என் கண்ணு அவிஞ்சு போச்சு," என்று மதுக்கடையில் தன்னையே திட்டிக்கொண்டான். ஊரும் ஆமாம் என்றது. டெலித் வாய் திறக்கவில்லை. ஒரு வருடம் அப்படியே போனது.

அவன் மருத்துவமனையை விற்கப் போகிறான் என்று கேள்விப்பட்ட அன்று, கோட்டுகூட எடுக்காமல் மழையில் நடந்து போனாள்.

"எம்லின், அந்தப் பேரை நான்தான்டா சொன்னேன். ஞாபகம் இல்லையா உனக்கு?"

"இருக்கு."

"அப்புறம் ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"பாஸ்போர்ட் என் முழங்கைக்குக் கீழதான் கிடந்தது. பிரிச்சிருக்கணும். பிரிக்கல." ஈரத்தைத் துடைக்க ஒரு துண்டை நீட்டினான். "ஆமா, அதுல என்ன பேரு இருந்தது?"

டெலித் சொல்ல வாயெடுத்தாள். பதினெட்டு வருடம் வளர்த்த குதிரை. செத்ததும் பாஸ்போர்ட்டை ரத்து செய்ய அனுப்பியாகிவிட்டது. வீட்டுக்குப் போய்ப் பார்க்கவும் வழியில்லை.

"நட்சத்திரம்னு ஏதோ வரும்," என்றாள் கடைசியில். "முழுசா ஞாபகம் வரமாட்டேங்குது."