பள்ளிக் கழிவறையைப் பூட்டச் சொன்னவர் யார்?

சென்ற திங்கட்கிழமை முதல் எங்கள் ஊர்ப் பள்ளியில் மாணவியர் கழிவறை பூட்டிக் கிடக்கிறது. என் பேத்தி மாலைவரை தண்ணீரே குடிப்பதில்லை.

"பள்ளி மேலாண்மைக் குழு எடுத்த முடிவு சார், நான் என்ன பண்ணட்டும்?" என்றார் தலைமையாசிரியர்.

இன்று, வியாழக்கிழமை, மரக்காணம் பேருந்தில் அக்குழுவின் தலைவியைச் சந்தித்தேன். பெற்றோர் சார்பில் தலைவியானவர்; உப்பளத்தில் வேலை செய்பவர்.

"ஏம்மா, எதுக்குப் பூட்டச் சொன்னீங்க?"

"நானா? நல்லா இருக்குதே கதை! உப்பு வாரிட்டு நான் போறதுக்குள்ள கூட்டமே முடிஞ்சிடுதுங்க. போட்டோவுக்கு மட்டும் நடுவுல உக்கார வைக்கிறாங்க. என் பொண்ணும் அங்கதான் படிக்குது, அடக்கிக்கினுதான் வூட்டுக்கு வருது."

உப்பளத்தார் வர இயலாத காலை வேளையில் கூட்டம் அமைந்தது தற்செயல் என்று நம்பும் வயதை நான் கடந்துவிட்டேன்.

நாளை, வெள்ளிக்கிழமை, வேலை முடிந்ததும் தலைவியும் நானும் பள்ளிக்குச் செல்கிறோம். சாவி யாரிடம் இருக்கிறதென்று அறிந்தவர்கள் இன்றே தெரிவியுங்கள். தலைவியிடம் இல்லை.