புகை சாய்ந்த இருக்கை

பேய், ஆவி என்று யாராவது செய்தி சொல்லப் போன் செய்தால் முதல் ஆளாகச் சிரித்தவன் நான். சங்கரன்கோவிலில் இருபத்திரண்டு வருடமாக ஒரு நாளிதழுக்கு நிருபராக இருக்கிறேன். ஆவி நடமாடுவதாகச் சொன்ன இரண்டு வீடுகளுக்கு நேரில் போயிருக்கிறேன். ஒன்றில் மரநாய், இன்னொன்றில் சொத்துத் தகராறு. ஆகவே இதை நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்ப மாட்டேன்.

நடந்தது ஒரு காரில். அது என் மனைவி கோமதியின் அத்தை மகன் சங்கரனுடையது. அவளுக்கு முறை மாப்பிள்ளை. அவர்கள் இருவர் ஜாதகமும் பொருந்தாததால் அவளை எனக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் சாமி சங்கரன், அம்மன் கோமதி, இரண்டு பெயரையும் சேர்த்தேதான் சொல்வார்கள். என் பெயர் எதனோடும் சேராது. போன வருடம் சங்கரன் ஆஸ்பத்திரியில் மாரடைப்பால் இறந்தான். காரியம் முடிந்த மறுநாள் அவன் அம்மா கார்ச் சாவியைக் கொண்டுவந்தார். என்னிடம் கொடுக்கவில்லை, கோமதியின் கையில் வைத்தார்.

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கோமதிக்குத் தெரியும். இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தவன் அவன்தான். ராயகிரியில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போய்வந்தாள். கியர் மாற்றும்போது கரகரவென்று சத்தம் வந்தால், "அத்தான் மாத்துனா சத்தமே கேக்காது" என்பாள். அதை நான் சிரித்துக்கொண்டே கேட்பேன்.

மூன்று மாதம் முன்பு காருக்குள் புகை நாற்றம் தொடங்கியது. நான் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்தால் வரும். அவள் தனியாகப் போகும்போது வராது.

"நீங்க ஏறுனா மட்டும் எப்படிங்க நாறுது?" என்றாள் ஒருநாள்.

"ஒங்க அத்தானுக்கு என்னைப் பிடிக்கல போல."

"செத்தவங்களை ஏன் இழுக்கீங்க?" என்றாள்.

ஒரு சனிக்கிழமை காலை, புளியங்குடி சாலையில் மெக்கானிக் பாய் ஒருவரின் பட்டறையில் காரை விட்டோம். பாய் கடையநல்லூர்க்காரர், சவுதியில் பல வருடம் மெக்கானிக்காக இருந்தவர். கோமதி கோயிலுக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்தேன்.

"வாடை அழுகின முட்ட நாத்தமா, இனிப்பாட்டம் அடிக்கா?" என்றார் பாய்.

"ரெண்டும் இல்ல. பாதி எரிஞ்ச பெட்ரோல் மாதிரி. கண்ணு எரியுது, தலை வலிக்கு."

"ஓடும்போதா, நிக்கும்போதா?"

"ரயில்வே கேட்ல நின்னா கூடுதலா வருது."

"நீங்க இருந்தா ஏசி போடுவிய. டீச்சர் தனியா போனா கண்ணாடிய எறக்கிருவாவ. சரிதானா?"

சரிதான். ஏசிக்குக் காற்றை இழுக்கும் வாய் இடப்பக்கம் இருக்கிறது, இன்ஜின் பக்கம் கசியும் புகையை அதுதான் உள்ளே கொண்டுவருகிறது என்றார். மூன்று மாதமாக ஒரு செத்தவனைச் சந்தேகப்பட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

பெட்ரோல் ஒழுக்கு இல்லை என்று பார்த்துவிட்டு, பாய் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தினார்.

"பூசையா பாய்?"

"லீக்கு பாக்கேன், அண்ணாச்சி. சவுதியில மிசினு வச்சிப் பாத்தேன். இங்கன இதான் மிசினு."

இன்ஜினை ஓடவிட்டு, சைலன்சர் வாயை ஈரத்துணியால் பாதி அடைக்கச் சொன்னார் என்னிடம், அப்போதுதான் கசியும் இடத்தில் புகை வேகமாக வெளியே வருமாம். ஊதுபத்தியை இன்ஜினை ஒட்டிய குழாய் இணைப்புகளில் மெதுவாக நகர்த்தினார். ஓரிடத்தில் புகை வெட்டிச் சாய்ந்தது. அங்கே கரிக்கோடு இருந்தது. இணைப்புக்கு நடுவே வைக்கும் கேஸ்கட் தகடு எரிந்து ஓட்டையாகியிருந்தது.

"வாடை வந்ததுனால தப்பிச்சிய. வாடை இல்லாத பொகைதான் ஆளத் தூக்கும்."

நான் குரலைத் தாழ்த்தி, "இந்த வண்டி இனி சரிப்படாதுன்னு அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றேன்.

கை துடைத்துக்கொண்டிருந்த தறிக் கழிவுநூலைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "பத்திரிகைக்காரரு நீங்க. பொய் சொல்ல என்னக் கூப்பிடுதியளா?"

புது கேஸ்கட் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, மறுபடி பத்தி காட்டினார். புகை எங்கும் சாயவில்லை. கடைசியாக உள்ளேயும் பார்த்துவிடலாம் என்றார். அவர் ஓட்டுநர் இருக்கையில், நான் பின்னால். கண்ணாடி நான்கும் ஏறியிருந்தன. இன்ஜினை நிறுத்திவிட்டார், ஏசி இல்லை. சாவி அவர் கையில்.

தரையருகே பத்தியைப் பிடித்தார். புகை நேராக ஏறியது. மேலே கூரையருகே பிடித்தார், நேராக ஏறியது. இடப்பக்க இருக்கைக்கு மேல், உட்கார்ந்த ஆளின் முகம் இருக்கும் உயரத்தில் பிடித்தார். புகை ஓட்டுநர் பக்கம் சாய்ந்தது. நிமிர்ந்தது. மறுபடி சாய்ந்தது. ஓர் ஆள் நிதானமாக மூச்சுவிடும் இடைவெளி. நான் என் மூச்சைப் பிடித்தேன். பாயும் பிடித்திருந்தார், அவர் தொண்டையில் தெரிந்தது. புகை நிற்கவில்லை. ஒன்பது முறை எண்ணினேன்.

தலைக்குள் பழைய புகை ஏறியிருந்தது என்று நீங்கள் சொல்லலாம். பாயின் தலையிலும் ஏறியிருந்ததா?

அவர் பத்தியை விரலால் நசுக்கி அணைத்தார். "கேஸ்கட்டு என் வேல, அண்ணாச்சி. அது முடிஞ்சிட்டு" என்று இறங்கிப்போனார்.

கோமதி குங்குமத்தோடு வந்தாள். நான் பின் இருக்கையிலேயே இருந்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நடந்ததை நான் சொல்லவில்லை, இன்றுவரை. நாற்றம் அதன் பிறகு வரவே இல்லை. நான் இன்றும் பின்னால்தான் உட்காருகிறேன்.

போன திங்கட்கிழமை, பேருந்து நிலையத்தில் என்னை இறக்கிவிட ஏற்றிக்கொண்டாள். தன் கைப்பையையும் சாப்பாட்டுக் கூடையையும் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"முன்னால வையேன்" என்றேன்.

"முன்னால எங்கங்க எடம் இருக்கு?"

சாதாரணமாகத்தான் சொன்னாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். பிறகு கியர் மாற்றினாள். சத்தமே கேட்கவில்லை.