வெள்ளைப் பட்டில் தைத்த கவுன்

துணி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. அதை முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுகிறேன்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் ஓர் ஏஜென்சி அலுவலகத்தில் எனக்கு வேலை. திருப்பூரிலிருந்து வரும் ஆயத்த ஆடைகளுக்கு ஏற்றுமதிக் காகிதங்கள் தயார் செய்வேன். எந்தப் பெட்டியில் என்ன உடுப்பு, என்ன நிறம், என்ன அளவு என்பதெல்லாம் பேக்கிங் லிஸ்ட்டில் இருக்கும். வெளிநாட்டுக் கடைகள் ஆறு மாதம் கழித்துக் கண்ணாடிக்குள் தொங்கவிடப் போவது என்ன என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். ஒரு வருடம் முழுக்கக் கடுகு மஞ்சளாகவே போயிற்று. அடுத்த வருடம் செங்கல் நிறம். அதற்கடுத்து ஐவரி. நம்மூரில் அதைப் பழுப்பு வெள்ளை என்பார்கள். அப்படிச் சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள்.

மில்லர்புரத்தில் எங்கள் தெருவில் அந்தந்த நிறத்தை முதலில் போடுகிறவள் நானாகத்தான் இருப்பேன். மும்பையில் ஒரு டிசைனர் மேடையில் காட்டியது அன்று ராத்திரியே போனுக்கு வந்துவிடும். அதை ஒரு நடிகை போடுவாள். பிறகு மேக்கப் போடும் பெண்களின் பக்கங்களில் வரும், பொட்டிக் என்கிற நவீனத் தையல்கடைக்கு வரும். கடைசியில் கடைத்தெருவில் பாலியஸ்டரில் குவிந்து கிடக்கும். ஒருமுறை வேம்பார் பஸ்ஸில் கருவாட்டுக் கூடையோடு ஏறிய பெண்ணின் சுடிதாரில் என் சுடிதாரின் அதே கழுத்து இருந்தது. அவளுக்கு அது என்னைவிட நன்றாகவே இருந்தது. அன்றோடு அந்தச் சுடிதாரை நான் போடுவதை நிறுத்திவிட்டேன். இப்படிப்பட்டவள்தான் நான்.

அம்மா இதற்கு நேர் எதிர். சாத்தான்குளத்தில் பள்ளிக்கூட வாத்திச்சியாக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா போன பிறகு எங்களோடு வந்துவிட்டாள். மொத்தமே பதினைந்து சேலைதான் வைத்திருந்தாள். நான் ஏதாவது புதிதாக மாட்டிக்கொண்டு வந்து நின்றால், மூக்குக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆள் பாதி ஆடை பாதிம்பாவ. ஏளா, ஒனக்கு ஆடையே முக்காலு" என்பாள். எனக்குக் கோபம் வராது. பெருமையாகத்தான் இருக்கும்.

அவளுடைய பீரோவின் அடித்தட்டில் ஒரு வெள்ளைப் பட்டு இருந்தது. அரை விரல் அகலச் சரிகைக் கரை, உடம்பில் ஒரு பூக்கூடக் கிடையாது. வேதக் கோயிலில் கல்யாணத்தன்று அவள் உடுத்திய சேலை. எங்கள் குடும்பத்துப் பெண்கள் அந்தச் சேலையை அதற்குப் பிறகு உடுத்துவதில்லை. மஸ்லின் துணியில் சுற்றி, வருடத்துக்கு ஒருமுறை நிழலில் உலர்த்தி, மடிப்பை மாற்றி மடித்து வைத்துவிடுவார்கள். கடைசியில் அடக்கத்தன்று அதை உடுத்தித்தான் சவப்பெட்டிக்குள் வைப்பார்கள். எங்கள் பெரியம்மா அப்படித்தான் போனாள். இது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை.

ஐவரி வந்த வருடம், கல்யாணச் சேலையை வெட்டிக் கவுன் தைப்பதும் சேர்ந்து வந்தது. ஒரு டிசைனர் பத்துப் பெண்களை அவரவர் அம்மாவின் பழைய பட்டில் கவுன் தைத்து நடக்கவிட்டாராம். கீழே ஆயிரக்கணக்கில் இதயக் குறி போட்டிருந்தார்கள். பார்த்துப் பார்த்து எனக்குக் கை அரித்தது. என் நாத்தனாரின் கல்யாண ரிசப்ஷனுக்கு ஒரு மாதம் இருந்தது. அந்தப் பழக்கம் தூத்துக்குடிக்கு இன்னும் வந்திருக்கவில்லை. நான்தான் முதலாவது என்ற எண்ணம் ஒன்று போதாதா.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அம்மாவிடம் கேட்டேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அது எதுக்கு வச்சிருக்கேம்னு ஒனக்குத் தெரியும்லா?"

"தெரியும்மா. ஆனா நீ இப்பவா சாவப்போற? கல்லு மாதிரி இருக்க. பொட்டிக்குள்ள வச்சு மண்ணுக்குப் போறதுக்கு, நான் போட்டா நாலு பேரு பாப்பாவல்லா. ஒனக்கு நான் அத விட நல்லதா ஒரு வெள்ளப் பட்டு எடுத்துத் தாரேன்."

கையிலிருந்த கொத்தை உருவி முடித்தாள். பிறகு, "எடுத்துக்கோ. ஆனா எனக்கு வாங்கி வச்சிரு. கடைசி நேரத்துல ஓடக்கூடாது" என்றாள். வாத்திச்சி அல்லவா, வீட்டுப்பாடம் கொடுக்கிற மாதிரித்தான் சொன்னாள்.

பொட்டிக் வைத்திருந்த பெண் சேலையை மேசையில் விரித்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அவளும் எங்கள் பக்கத்துக்காரிதான், அது எதற்கான சேலை என்று தெரிந்தவள். "அக்கா, நல்லா ரோசிச்சிக்கிட்டீங்களா? கத்திரி வச்சா வச்சதுதான்" என்றாள். அம்மாவே தந்துவிட்டாள் என்றேன். அது பொய் இல்லை. ஆனாலும் நான் வாயைத் திறந்து சொன்னவற்றில் அதை நினைத்தால்தான் இப்போது வெட்கமாக இருக்கிறது.

கவுன் அபாரமாக வந்தது. இடுப்பிலும் தோளிலும் சரிகைக் கரை ஓடியது, கீழே விரிந்து தரையைத் தொட்டது. ரிசப்ஷனில் மணப்பெண்ணைவிட்டு என்னைப் படம் எடுத்தவர்கள் உண்டு. அம்மா கிட்டே வந்து, தோளில் கரை மடங்கியிருந்ததை விரலால் நீவிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். நாலு மணி நேரம் போட்டிருந்தேன். பிறகு போடவில்லை. எல்லோரும் போட்டோவில் பார்த்துவிட்ட உடுப்பை எப்படி மறுபடி போடுவது? கிறிஸ்மஸ் வருவதற்குள் கடைத்தெருவிலேயே அந்த மாதிரி வந்துவிட்டது. பட்டு மாதிரி மினுங்கும் ஏதோ துணியில், அம்மாவின் சேலைக் கரையை அச்சடித்ததுபோல் ஒரு கரையோடு பொம்மைக்கு மாட்டி வைத்திருந்தார்கள்.

அம்மா என்னிடம் இரண்டு முறை கேட்டாள். முதல் தடவை கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில். "ஏளா, அந்தச் சேல என்னாச்சு?" கிறிஸ்மஸுக்குப் புதுச் சரக்கு வரட்டும், இப்போது இருப்பதெல்லாம் பழைய டிசைன் என்றேன். அடக்கத்துக்கு எடுக்கும் சேலைக்கு டிசைன் பார்த்திருக்கிறேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இரண்டாவது தடவை, ஒரு காலை நேரம் நான் அலுவலகத்துக்குக் கிளம்பும்போது கேட்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "இந்த ஞாயித்துக்கெழம கண்டிப்பா போவம்மா" என்றேன். அவள் தலையாட்டினாள். அந்த ஞாயிறு போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. அவளும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. கேட்காமல் விட்டது எனக்கு நிம்மதியாக இருந்தது.

மாசி மாதத்தில் ஒரு விடியற்காலம் குளியலறையில் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம் என்று முடிவாயிற்று. சாத்தான்குளத்திலிருந்து சித்தி வந்தாள், அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. வந்து அழுது முடித்ததும், முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பீரோ சாவிய எடு. குளிப்பாட்டணும்லா" என்றாள்.

கடைசி நேரத்தில் நான் ஓடினேன்.

கடை அப்போதுதான் திறந்திருந்தது. வெள்ளைப் பட்டு வேண்டும் என்றேன். அங்கிருந்த சின்னப் பெண் வேகமாக எடுத்துப் போட ஆரம்பித்தாள். கல் பதித்தது, முத்து கோத்தது, நெட் ஓரம் வைத்தது, முதுகுப்பக்கம் தொங்கல் வைத்தது. "வெள்ளன்னா இப்ப இதுதாங்க்கா ட்ரெண்டு. எல்லாம் ப்ரைடல்" என்றாள். சாதாரணமாக, சின்னக் கரை போட்டு, பூ இல்லாமல் ஒன்று இல்லையா என்றேன். "அந்த மாடல்லாம் இப்ப இங்கன வாரதே இல்லக்கா. ரொம்பப் பழசு." பிறகு சேலையின் முந்தியைத் தன் தோளில் போட்டுக் காட்டி, "கல்யாணப் பொண்ணுக்குத்தான?" என்று கேட்டாள்.

அவள்மேல் என்ன தப்பு. ஆமாம் என்றேன். இருந்ததில் கல் குறைவான ஒன்றை எடுத்தேன். மடித்துக்கொண்டே, ஃபால்ஸ் அடிக்கக் கொடுத்துவிட்டுப் போனால் நாளைக்குக் கிடைக்கும் என்றாள். வேண்டாம், அப்படியே தா என்றேன்.

வீட்டில் சித்தி அந்தச் சேலையை வாங்கிப் பார்த்தாள். ஒரு பிளேடு கொண்டுவரச் சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் அவளுமாக உட்கார்ந்து கற்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்தார்கள். ஒட்டியிருந்த இடமெல்லாம் பசைப் புள்ளி தெரிந்தது. சன்னல் வெளிச்சத்தில் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

பீரோவின் அடித்தட்டில் அந்த மஸ்லின் துணி மடிப்புக் கலையாமல் கிடந்தது. அதற்குள் வெள்ளைப் பாவாடையும் கல்யாண ஜாக்கெட்டும் மட்டும் இருந்தன. நாற்பது வருடத்துக்கு மேல் ஆன ஜாக்கெட், அம்மாவோ அதற்குப் பிறகு இரண்டு மடங்கு ஆகியிருந்தாள். இது எங்கே சேரும் என்று நான் கேட்டேன். சித்தி அதைப் புரட்டிக் காட்டினாள். இரண்டு பக்கமும் பழைய தையல்கள் பிரித்த தடம் வரிவரியாகத் தெரிந்தது. ஓரத்தில் உள்துணி தீர்ந்துபோய், வேறொரு வெள்ளைத் துணியை ஒட்டுக்கொடுத்துத் தைத்திருந்தது. அந்தத் தையல் மட்டும் புதிது.

"ஒடம்பு போடப்போட அப்பப்பப் பிரிச்சித் தச்சிக்கிடுவா. கடைசியா தை மாசம் எங்க வீட்டுக்கு வந்தப்பத்தான் தச்சா" என்றாள் சித்தி. "சேலதான் இல்லயே, இது எதுக்குன்னு கேட்டேன். 'எம்பொண்ணு எடுத்துத் தாரேன்னு சொல்லியிருக்கா'ன்னு சொன்னா."

ஜாக்கெட் அம்மாவுக்குச் சரியாக இருந்தது.