பரங்கிக்காய்க்காகச் சொன்ன பொய்

ஹெட்விகா கையில் சவர பிளேடு இருக்கும்போது ஓலமோட்ஸ் நகரத்து ஆய்வுக்கூடத்தில் யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். இலை நறுக்குவதுதான் அவள் உத்தியோகம். தெரியாத செடியின் இலையோடு பட்டாணி இலையையும் ஒரே தட்டில் வைத்துப் பொடிப்பொடியாக நறுக்கி, வடிகட்டி, சாயம் ஏற்றி இயந்திரத்தில் விடுவாள். திரையில் செடிக்கு ஒன்றாக இரண்டு கூம்புகள் எழும்பும். பட்டாணியின் அளவு தெரிந்ததுதான்; அதை வைத்து அடுத்த செடிக்குள் எவ்வளவு டி.என்.ஏ. இருக்கிறது என்று சொல்லிவிடலாம். கணவன் இறந்த துக்கத்தில்கூட அவள் நறுக்கிக்கொண்டுதான் இருந்தாள். பட்டாணி இலையை நறுக்கினாலும் கண்ணீர் வரும் என்று அந்த வாரம்தான் அவளுக்குத் தெரிந்தது.

அப்படிப்பட்டவளை மணக்கக் கேட்டார் ஓட்டகர். ஆளுக்கொரு பாத்தி பிடித்துப் பயிரிடும் தோட்டக் காலனியின் தலைவர், மனைவியை இழந்தவர், ராட்சதப் பரங்கிக்காய் வளர்ப்பவர். ஹெட்விகா மனதுக்குள் எப்போதோ சம்மதித்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கைக்குட்டையில் ஒரு பரங்கி இலையைப் பொதிந்து கொண்டுவந்தார்.

"இதை அளந்து குடுங்க ஹெட்விகா. இத்தனை பெரிய காய்க்குள்ள எத்தனை பெரிய சமாச்சாரம் இருக்கும்! அறுவடை விருந்துல அதைச் சொல்லிட்டு, அதே மூச்சுல நம்ம கல்யாணத்தையும் சொல்லிடறேன்."

வேலிக்கு அந்தப் பக்கம் வெங்காயம் போடும் லுபோர் சும்மா இருப்பானா? அவனும் ஒரு வெங்காயத் தாளை நீட்டினான். முடிவு வந்தது. பரங்கி, பட்டாணியில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. லுபோரின் வெங்காயமோ பட்டாணியைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

"வெங்காயத்துக்கும் கீழயா?" ஓட்டகரின் குரல் உடைந்தது.

"அளவுல என்னங்க இருக்கு? வெங்காயம் ஒரே வரியை யுகயுகமா திரும்பத் திரும்ப எழுதி மூட்டை கட்டி வெச்சிருக்கு. உங்க பரங்கி வேண்டாததைத் தூக்கிப் போட்டுடுச்சு. அதான் ஒரே கோடையில வேலி தாண்டி ஓடுது."

"அப்ப இத்தனை நாளா காலி வீட்டுக்கா தண்ணி ஊத்தினேன்? வெங்காயத்துக்குக் கீழ இருக்கறவனுக்குக் கல்யாணம் ஒரு கேடா!"

தொப்பியை எடுத்துக்கொண்டு போயே விட்டார். ஹெட்விகா துடித்துப்போனாள். கடைசியில், எந்தச் செடிக்கும் செய்யாத காரியத்தை ஒரு மனிதனுக்காகச் செய்தாள். பரங்கியின் கூம்பைப் பட்டாணி என்றும், பட்டாணியின் கூம்பைப் பரங்கி என்றும் மாற்றிக் குறித்தாள். பரங்கி ஒரே நாளில் பட்டாணியைப் போலப் பத்து மடங்குக்கு மேல் ஆனது. முதல் தடவை தப்பாகப் படித்துவிட்டதாகச் சொல்லி அந்தத் தாளை ஓட்டகரிடம் கொடுத்தாள்.

அறுவடை விருந்தில் பிளம் சாராயம் ஓடியது. ஓட்டகர் மேடையேறிப் பரங்கியின் புது அளவை முழங்கினார். லுபோர் முகத்தை மூடிக்கொண்டு தன் வெங்காயக் கூடையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். கைதட்டல் அடங்குமுன் பட்டாணி வளர்க்கும் க்வெத்தா கையில் ஒரு கிண்ணம் பட்டாணியோடு எழுந்தாள்.

"அன்னிக்குக் கம்மின்னாங்க, இன்னிக்கு ஜாஸ்திங்கறாங்க. நாட்டுல எல்லாச் செடியையும் பட்டாணியை வெச்சுத்தானே அளக்கறீங்க ஹெட்விகா? இந்தப் பட்டாணி மேல கை வெச்சுச் சொல்லுங்க பார்ப்போம்!"

ஹெட்விகா கையை நீட்டினாள். தேவாலயத்து வேதப் புத்தகத்தின் மேல் என்றால்கூட வைத்திருப்பாளோ என்னவோ. பட்டாணியைத் தொட முடியவில்லை.

"கூம்பை மாத்திப் படிச்சேன். வேணும்னேதான்," என்று விம்மினாள்.

ஓட்டகர் மெல்ல மேடையை விட்டு இறங்கி வந்தார்.

"எனக்காகவா பொய் சொன்னே?"

"பின்னே பரங்கிக்காய்க்காகவா? அதுக்கு என்ன கவலை, கிழட்டு முட்டாளே!"

ஓட்டகரின் கண்கள் நிறைந்தன. ஓடிப்போய் மறுபடியும் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நண்பர்களே! ஒரு புல்லைப் பத்திக்கூடப் பொய் சொல்லாதவ, எனக்காகச் சொல்லியிருக்கா! டேய் லுபோர், உன் வெங்காயம் பெரிசுதான், ஒத்துக்கறேன். ஆனா அதுக்காக யாராவது ஒரு பொய்யாவது சொன்னாங்களா?"

லுபோர் எழுந்து தன் வெங்காயக் கூடையைப் பார்த்தான்.

"இல்ல," என்று தலைகுனிந்தான்.

கல்யாணத்தை அங்கேயே அறிவித்தார்கள். ஓட்டகரின் வாழ்நாளில் அதைவிடப் பெரிய வெற்றி வாய்க்கவில்லை. பரங்கிக்காயைப் பிறகு சூப் வைத்தார்கள்.