வெல்லக்கட்டியும் நுரைக்கூடும்

எழுத உட்கார்ந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நான் பத்தாவதோடு நின்றவள். வேங்கிக்காலில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். இதுவரை நான் எழுதியதெல்லாம் அளவு நோட்டில் தோள், கை, இடுப்பு என்பவைதான். இந்தக் கதையை வாயால் சொல்ல இரண்டு முறை முயன்றேன். பாதியில் வெட்கம் வந்து நிறுத்திவிட்டேன். அதனால்தான் எழுத்து.

எங்கள் முன்னறையில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அதில் ஒரு ஜோடி கௌராமி மீன். ஆண் மீனுக்குச் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள். அந்த இரண்டு நிறத்தையும் அவ்வளவு அடர்த்தியாகச் சேர்த்து ஒரு புடவை வந்தால் நானே வாங்கமாட்டேன். மீனுக்கு மட்டும் எப்படியோ பொருந்துகிறது. பெண் மீன் வெளுத்துப் போன சாம்பல். இரண்டுக்கும் வயிற்றடியில் இரண்டு நூல் தொங்கும். எதைக் கண்டாலும் அந்த நூலால் முதலில் தொட்டுப் பார்க்கும், கடையில் துணியை விரலால் தடவிப் பார்ப்பவர்களைப் போல. பிறகு விலை கட்டுப்படியாகாத மாதிரி நகர்ந்துவிடும்.

வாங்கி வந்தவர் என் வீட்டுக்காரர். ஆட்டோ ஓட்டுகிறார். "உனக்குப் பேச ஒரு ஆளு வேணும் இல்ல? திருப்பிப் பேசாத ஆளா பாத்து இட்டுனு வந்தேன்" என்றார்.

ஆண் கௌராமி கூடு கட்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. மேலே வந்து காற்றை விழுங்கி, வாயிலிருந்து குமிழி குமிழியாக விட்டு, தண்ணீர்மேல் நுரையால் ஒரு கூடு கட்டும். செடித் துணுக்குகளையும் கொண்டுவந்து செருகும். பெண் அதன் அடியில் முட்டை போட்டதும் அதைத் துரத்திவிட்டு, ஆண்தான் காவல் இருக்கும். தண்ணீர் அசையக்கூடாது. அசைந்தால் கூடு கலைந்துவிடும்.

என் தொட்டியில் இரண்டு முறை கூடு கலைந்தது. இரண்டு முறையும் கலைத்தவர் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா. ஆரணியில் இருக்கிறார். பௌர்ணமி தவறாமல் கிரிவலத்துக்கு வந்து எங்கள் வீட்டில் தங்குவார்.

முதல் தடவை, மீன் மேலே வந்து வாயைத் திறப்பதைப் பார்த்து, "ஐயோ பாவம், மூச்சு முட்டுது" என்று காற்று மோட்டாரைப் போட்டுவிட்டார். அரை நிமிஷத்தில் கூடு நாலாபக்கமும் சிதறியது. இரண்டாவது தடவை நான் சமையலறையிலிருந்து வருவதற்குள், பருப்பு நுரையை வழிப்பது போல டீ வடிகட்டியால் வழித்துச் சுத்தம் செய்திருந்தார். "எவ்ளோ அழுக்கு பாரு. நீ கவனிக்கறதே இல்ல" என்றார்.

இரண்டு முறையும் நான் சொன்னது ஒன்றேதான். "பரவால்ல அண்ணி."

கல்யாணமாகி இருபத்து நாலு வருஷம். நாத்தனாரிடம் "வேணாம்" என்று ஒரு முறைகூட நான் சொன்னதில்லை.

போன பௌர்ணமிக்குச் சரியாக மூன்றாவது கூடு அமைந்தது. மத்தியானம் முட்டைகள் வந்தன, ரவையைவிடச் சின்னதாக, நுரைக்குள் புள்ளி புள்ளியாக. பெண்ணைப் பிடித்துப் பக்கெட்டில் விட்டேன். இந்தத் தடவை ஒரு குஞ்சையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. சின்ன ஆசைதான்.

"நீங்க சொல்லுங்க, அண்ணி தொடக்கூடாதுன்னு" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"எங்கக்கா கிட்டயா? நானா? போம்மா, எனக்கு சவாரி இருக்குது."

சொல்ல முடியாதவள் வேறு என்ன செய்வேன்? மோட்டாரைக் கழற்றிப் பீரோவில் வைத்தேன். டீ வடிகட்டியை அரிசி டின்னுக்குள் புதைத்தேன். சாயந்தரம் நாத்தனார் வந்து, பையை வைத்துவிட்டு உடனே மலை சுற்றக் கிளம்பிவிட்டார். எல்லா வழியையும் அடைத்துவிட்டேன் என்று நிம்மதியாகப் படுத்தேன்.

காலையில் திரும்பி வந்தவர் குளித்து, ஈரத்தலையில் துண்டோடு நேராகத் தொட்டிக்கு முன்னால் போய் நின்றார். மேல்மூடியைத் தூக்கினார். கையில் எலுமிச்சை அளவு வெல்லக்கட்டி.

"இன்னா அண்ணி அது?"

"வேண்டுதல்மா. கழுத்துல மரு வந்துகீது இல்ல, தாலிச்சரடு பட்டுப் பட்டு எரியுது. குளத்துல வெல்லம் கரைக்கறேன்னு வேண்டிக்கினேன். வெல்லம் கரையற மாதிரி மருவும் கரையும். அங்க இருந்த கூட்டத்துல குளத்துப் பக்கம் போவ முடியல. அங்கயும் மீனு, இங்கயும் மீனு. தண்ணிக்கு இன்னா பேதம்?"

தப்பு என்னுடையதுதான். ஆயுத பூஜையில் மெஷினுக்குப் பொட்டு வைத்தபோது கை சும்மா இராமல் தொட்டிக் கண்ணாடிக்கும் ஒன்று வைத்திருந்தேன். அது இன்னும் அழியவில்லை. பொட்டு வைத்த தண்ணீரை அவர் குளமென்று நினைத்ததில் என்ன குற்றம்?

அவர் கண்ணை மூடி முணுமுணுக்க ஆரம்பித்தார். வேண்டிக்கொள்பவரின் கையை எப்படித் தட்டுவது? வெல்லம் கூட்டுக்கு நேர் மேலே இறங்கிக்கொண்டிருந்தது. ஆண் கௌராமி துடுப்புகளை விரித்து அண்ணாந்து பார்த்தது. அதற்கிருந்த தைரியம்கூட எனக்கு இல்லை. நாத்தனாரின் விரல் நுனி தண்ணீரில் பட்டுவிட்டது.

"அண்ணி, தொடாதீங்க! தீட்டு!"

கத்தியது நான்தானா என்று எனக்கே சந்தேகம். அந்தச் சொல்லை நான் பிறருக்குச் சொன்னதே கிடையாது, எனக்குத்தான் சொல்வார்கள். பௌர்ணமிக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "தலைக்கு ஊத்திக்கினியா? தீட்டு ஒண்ணும் இல்லியே?" என்று கேட்பவர் இந்த அண்ணிதான்.

அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வெல்லம் கையோடு வந்துவிட்டது.

"தீட்டா? மீனுக்கு இன்னா தீட்டு?"

"பொறந்த தீட்டு அண்ணி. நேத்துதான் முட்ட போட்டுது. அதுல வேண்டுதல் செஞ்சா செல்லுமான்னு..."

"அட கடவுளே! முன்னாடியே சொல்றதுக்கு இன்னா? தொட்டுட்டேனே!" என்று இரண்டாவது முறை குளிக்கப் போனார். கதவுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "எத்தினி நாளு?"

நான் யோசித்தே வைக்கவில்லை. "பதினாறு அண்ணி."

"மீனுக்கு அவ்ளோ ஜாஸ்தியா?"

டீ குடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது. "குட்டிங்க ஜாஸ்திக்கா. கம்மி பண்ண முடியாது" என்றார்.

குளித்து வந்தவர் நாற்காலியைத் தள்ளிப் போட்டு உட்கார்ந்து தொட்டியைப் பார்த்தார். கூட்டிலிருந்து நழுவிய ஒரு முட்டையை ஆண் மீன் வாயில் கவ்விக்கொண்டு போய் நுரைக்குள் துப்பியது.

"பெத்தவ எங்க?"

"பக்கெட்ல அண்ணி. கிட்ட போனா அவன் தொரத்துவான்."

"அப்பங்காரன் ஒண்டியாவா பாத்துக்கறான்?" தம்பி பக்கம் திரும்பினார். "டேய், நல்லா பாத்துக்க. உம் புள்ள பொறந்தப்ப தூக்குடான்னா, கழுத்து நிக்கட்டும்னு மூணு மாசம் ஓடி ஒளிஞ்சவன் நீ."

"எனக்கு இந்த மாதிரி கலரு இருந்தா நானும்தான் தூக்கியிருப்பேன்."

நாத்தனார் சிரித்தார். நானும் சிரித்தேன். தீட்டு என்று நான் சொன்னது பொய்யா நிஜமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பொய்யாக இருந்தால் அது என் கணக்கில் இருக்கட்டும். மீனுக்கு அதில் பங்கில்லை.

அன்று முழுக்க அவர் தொட்டிப் பக்கம் யாரையும் விடவில்லை. காப்பி கொண்டுவந்த என்னையே, "தள்ளி நட, தண்ணி அசையுது" என்று விரட்டினார். வெல்லத்தைக் காகிதத்தில் மடித்து, அடுத்த பௌர்ணமிக்கென்று சாமி அலமாரியில் வைத்தார். நான் யாரும் பார்க்காதபோது டீ வடிகட்டியை அரிசியிலிருந்து தோண்டி எடுத்தேன்.

மறுநாள் காலையில் முட்டைகள் பொரிந்திருந்தன. நாத்தனார் ஏழு மணி பஸ்ஸில் ஆரணிக்குப் போனார். வெல்லத்தில் எறும்பு ஏறியிருந்தது.