ஒரே பெயரில் இரு கல்லூரிகள்

ஒன்றுபோலப் பெயர் கொண்ட இரு கல்லூரிகளால் நேர்ந்த குழப்பம் இது. என் எழுத்தால் மேலும் ஒரு குழப்பம் வந்துவிடக் கூடாது. ஆகவே நான் நேரில் கண்டதையும், உடனிருந்த மகளிடம் கேட்டுச் சரிபார்த்ததையும் மட்டுமே எழுதுகிறேன்; பெயர்களைத் தவிர்க்கிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஆடிச் சாரலில், குன்னூர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிய கணினி மையத்தில் நடந்தது. பொறியியல் கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலை அன்று மாலை ஐந்து மணிக்குள் பதிவு செய்தாக வேண்டும். என் மனைவி அறுவை சிகிச்சை முடிந்து படுக்கையில் இருந்தார். எனவே மகள் நாள்தோறும் மாலையில் வீடு திரும்பக்கூடிய கல்லூரியே எங்களுக்கு வேண்டும். மேட்டுப்பாளையத்தில் நான் அடிக்கடி பார்த்த மஞ்சள் பேருந்தில் எழுதியிருந்த பெயரை முதலிடத்தில் இடச் சொன்னேன். மையத்துப் பணியாளரும் அப்பெயரைத் தேடி, முதலில் வந்ததைச் சேர்த்துவிட்டார்.

பின்னால் ஓர் அம்மையார், சான்றிதழ் நகலுக்காகக் காத்திருந்தார். அரை நாள் விடுப்பில் வந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளி; ஒரு மணிக்குள் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று பணியாளரிடம் சொல்லியிருந்தார். திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏனுங்க சார், அது எந்த மாவட்டம்னு பாத்தீங்களா?”

அந்தக் கல்லூரிப் பேருந்தையே பார்த்திருக்கிறேன் என்று சற்று மிடுக்காகவே சொன்னேன்.

“பஸ்ஸை நானுந்தான் பாத்தேனுங்க. அதை நம்பித்தான் எம்புள்ளையச் சேத்தேன். இப்ப அவ ஊட்டுக்கு வரணும்னா எட்டு மணி நேரமாகுதுங்க.”

பணியாளர் முகவரியைத் திறந்தார். தென்கோடியில் உள்ள ஒரு மாவட்டம். நாங்கள் தேடிய கல்லூரி, வேறொரு குறியீட்டு எண்ணுடன் இரண்டு வரி கீழே இருந்தது. முப்பது ஆண்டுகளாக விடைத்தாள் திருத்துகிறவன் நான். என் மகள் மெல்லச் சொன்னாள், “அப்பா, இந்தத் தாளுக்கு மார்க் போடுங்க.”

எண், மாவட்டம், முகவரி மூன்றையும் அந்த அம்மையார் ஒவ்வொன்றாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். எல்லாம் சரியான பிறகே கிளம்பினார். அப்போது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. பதற்றத்தில் நான் அவருக்கு ஒரு நன்றிகூட ஒழுங்காகச் சொல்லவில்லை.

மகள் இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். குணமடைந்துவிட்ட அவள் தாய்தான் மாலைதோறும் கதவைத் திறக்கிறார். அந்த ஓசை கேட்கும்போதெல்லாம், தனக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக் கூடாது என்று ஒரு மணியைத் தாண்டியும் நின்றவரை மனம் வணங்குகிறது. அவர் எந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவர் என்பது எனக்குத் தெரியாது. அவர் மகளுக்கு வீட்டருகே மாற்றல் கிடைத்ததா என்பதும் தெரியாது.