சித்திரை வெயிலில் ஒரு கம்பளி

வாடிப்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே வடை போடும் மலையம்மாள் என் அப்பாவின் தங்கை. மாமா இறந்த பிறகு ஒரே ஒரு எண்ணெய்ச் சட்டியை வைத்து மகனைப் படிக்க வைத்து வேலைக்கும் அனுப்பியவர். அதே காலத்தில் நான் இருந்த வேலையை விட்டுவிட்டு, முதுகில் பையோடு நேபாளம், வியட்நாம் என்று சுற்றி, எல்லாம் தெரிந்தவள் என்ற நினைப்பை மட்டும் சம்பாதித்துத் திரும்பியவள்.

நான் வந்தபோது அத்தைக்கு ஒரு வருஷமாகக் காணாக்கடி. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பும், அரிக்கும், மறையும், வேறிடத்தில் கிளம்பும். கம்பளியால் தேய்த்துப் போர்த்தினால் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். தெருவில் ஆளுக்கொரு கம்பளி கொடுத்திருந்தார்கள். சித்திரை வெயிலில், கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால், அத்தை கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார்.

அரிப்பைக்கூடத் தாங்கிக்கொண்டார். கையிலிருந்த தடிப்பைப் பார்த்து ஆட்கள் ஒதுங்கியதைத்தான் தாங்க முடியவில்லை. தினமும் வரும் ஷேர் ஆட்டோ விருமாண்டியே, "யக்கா, வடைய அங்கிட்டு வையி, நான் எடுத்துக்கிறேன்" என்றான். மாவு மிஞ்சத் தொடங்கியது. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

மதுரையில் ஒரு தோல் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். ஊர் டாக்டர் முன்பு கொடுத்த மாத்திரை கேட்கவில்லை என்றதும் ரத்தப் பரிசோதனை எழுதினார். மறுநாள் முடிவு என் போனுக்கு வந்தது. டி-டைமர் என்று ஒன்று, இருக்க வேண்டியதைவிட இரண்டு மடங்கு. கூகுளில் தேடினேன். உறைந்த ரத்தம் கரையும்போது கூடுமாம். காலில் ரத்தக்கட்டு, நுரையீரலில் அடைப்பு என்று அது சொல்லிக்கொண்டே போனது.

அடுப்பை அணைத்தேன். அத்தையைப் படுக்க வைத்து, காலைத் தூக்கிப் பருப்பு மூட்டைமேல் வைத்தேன்.

"ஏன்டி, காலு நல்லாத்தான இருக்கு?"

"அசையாதீங்கத்தே. உள்ள ரத்தம் கட்டியிருக்கு."

"மாவு புளிச்சுப் போகும்டி."

வடையைக் கையில் வாங்க யோசித்த விருமாண்டிதான் அத்தையைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றினான். மதுரை போகும்வரை அத்தையின் கால்கள் என் மடியில் இருந்தன.

அங்கேயும் நான் நாற்காலிமேல் தூக்கி வைத்திருந்த காலை மருத்துவர் அழுத்திப் பார்த்தார். வீக்கம், வலி, மூச்சுத்திணறல் எதுவும் இல்லை.

"காணாக்கடி ரொம்ப மும்முரமா இருந்தா இந்த அளவு கூடுறதுண்டு. இதை மட்டும் வச்சு ரத்தக்கட்டுன்னு சொல்ல முடியாது. காலைத் தூக்கி வைக்கச் சொன்னது யாரு?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் படித்தேன்.

"மாத்திரை தினமும் போடுறீங்களாம்மா?"

"அரிக்கிற அன்னைக்குப் போடுவேன். அரிக்காதன்னைக்கு எதுக்கு வீணாக்கணும்? கம்பளி போர்த்துற அன்னைக்கும் போட மாட்டேன். ரெண்டு வைத்தியம் சேரக் கூடாதுல்ல சார்."

கம்பளி போர்த்தாத நாளே கிடையாது. கூகுளிடம் அம்புட்டுக் கேட்ட நான், அத்தையிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அரித்தாலும் அரிக்காவிட்டாலும் தினமும் போட வேண்டும். சூடும் உரசலும் தடிப்பைக் கிளப்பும் என்பதால் கம்பளி கூடாது. அதற்கும் அடங்காவிட்டால் மாதம் ஒரு ஊசி இருக்கிறது என்றார். ஊசி தேவைப்படவில்லை. தடிப்பு மெல்ல அடங்கியது, டி-டைமரும் இறங்கியது.

ஒரு நாள் விருமாண்டி கையை நீட்டினான். "யக்கா, ரெண்டு வடை. கையிலயே குடு."

"அன்னைக்கு அங்கிட்டு வைக்கச் சொன்ன?"

"சுடும்னுதாக்கா."

"இப்ப மட்டும் பச்சத்தண்ணியிலயா போடுறேன்?" என்று சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த வடையை அவன் உள்ளங்கையில் வைத்தார். விருமாண்டி துள்ளினான், ஆனால் கீழே போடவில்லை.

கம்பளிகளை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்ததில் ஒன்று மிஞ்சியது. அத்தை அதை என்னிடம் நீட்டினார்.

"நீதான் குளிருற ஊரா பாத்துப் போறவ. வச்சுக்க. காலைத் தூக்கி வச்சுப் படுக்கத் தோதா இருக்கும்."